முன் சக்கரத்து எண்ணெய்

என்னிடம் ஒரு தகர டப்பா இருக்கிறது. உள்ளே ஒரு அலுமினியக் குழாய். சுண்டு விரல் அளவுதான். ஒரு முனையில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், சுற்றிலும் ஒரு ஸ்பிரிங். கம்பியை அழுத்தினால் உள்ளே போகும். விட்டால் துள்ளி வராது. யோசித்து யோசித்து வருவதுபோல வெளியே வரும். உள்ளே எண்ணெய் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் இரண்டு சொட்டு விடுவேன். எதற்கு என்று வீட்டில் கேட்டால் சொல்ல மாட்டேன். ரிட்டயர் ஆன பிறகு கைக்கு வேலை இல்லை. அது தானாக டப்பாவுக்குப் போகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் அழுத்திப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலை. அதன் மெஷின் ஷாப்பில் நான் ஃபிட்டர். எட்டாவதோடு படிப்பை விட்டு உள்ளே போனவன். இந்தக் குழாயைக் கடைந்தவர் அங்கே டர்னர், குடியாத்தத்துக்காரர். லேத்தில் அவர் கை வைத்தால் அளவு தப்பாது. ஆனால் லேத்தை விட்டு நகர்ந்தால் ஓர் இடத்தில் இருக்க மாட்டார். டீ குடிக்கும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். சம்பளம் வாங்க வரிசையில் நின்றாலும் ஆடும். நாங்கள் முதலில் தோஸ்த்துகள், பிறகுதான் சொந்தம். என் தங்கையைக் கட்டி எனக்கு மாப்பிள்ளை ஆனார். ஆன பிறகும் எங்களுக்குள் வா, போ தான். அவர் என்னை மச்சான் என்பார்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் சின்ன முதலாளி தோல் வியாபாரமாக வெளிநாடு போய்த் திரும்பும்போது ஒரு ரிமோட் கார் கொண்டுவந்தார். பிள்ளைகள் விளையாடுகிற சாமான் இல்லை. முழங்கை நீளம். பின் டயரில் முள் முள்ளாக ரப்பர். மேடு பள்ளத்தில் ஓடுவதற்கென்றே செய்தது. பாலாற்று மணலில் விட்டார். மூன்று வாரம் ஓடியது. பிறகு முன் பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ரப்பர் வளையம் கிழிந்து எண்ணெய் ஒழுகிவிட்டது. எண்ணெய் போனால் மிச்சம் வெறும் ஸ்பிரிங்தான். மேட்டில் ஏறி இறங்கினால் மூக்கு மணலில் குத்தி வண்டி குட்டிக்கரணம் போடும். ஸ்பேர் கிடையாது. வண்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

மாப்பிள்ளை இரண்டு குழாய் கடைந்தார். உள்ளே போகிற கம்பிக்கு சைக்கிள் சக்கரத்துக் கம்பியை வெட்டினோம். ரப்பர் வளையத்துக்குப் பதில் தோல் வாசர். சைக்கிள் பம்புக்குள் இருக்குமே, அதே மாதிரி. எங்களிடம் தோலுக்கா பஞ்சம். கையுறைக்குப் போகும் மெத்தென்ற தோலில் முதலில் வெட்டினோம், எண்ணெய் பட்டதும் துவண்டுவிட்டது. பிறகு ஷூவுக்கு அடியில் வைக்கிற தோலை மெலிதாகச் சீவி, ஊறவைத்து, அச்சில் அழுத்திக் கிண்ணம்போல எடுத்தேன். அது நின்றது. ஸ்பிரிங் நான்கு ஜோடி சுற்றினேன். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்ததால், தோலுக்கு நிறம் அடிக்கிற இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் சாயம் வாங்கி ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நிறம் தொட்டு வைத்தேன். கடைசியில் மஞ்சள்தான் பொருந்தியது.

ஸ்பிரிங் முடிந்தது, எண்ணெய்தான் பேஜார். விளக்கெண்ணெய் கெட்டி. மெஷினுக்கு விடுகிற ஸ்பிண்டில் ஆயில் தண்ணீர் மாதிரி. விளக்கெண்ணெய் ஊற்றினால் முன் பக்கம் விறைத்து நிற்கும், மூக்கு குத்தாது. ஆனால் திருப்பத்தில் முன் சக்கரம் தரையைப் பிடிக்காமல் நேராகப் போகப் பார்க்கும். ஸ்பிண்டில் ஆயில் ஊற்றினால் அமுங்கிக் கொடுத்து அழகாகத் திரும்பும், மேட்டிலிருந்து குதித்தால் குத்தும். வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து கீழே விட்டு எத்தனை தரம் துள்ளுகிறது என்று பார்ப்போம். மாப்பிள்ளை குனிந்து பார்ப்பார், எழுவார், வெளியே போவார், திரும்பி வந்து மறுபடியும் விடச் சொல்வார்.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சவுதியில் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. பாஸ்போர்ட் கையில் வந்துவிட்டது. இத்தனை வருஷம் இங்கே டர்னராக வேலை செய்தார் என்று முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். சின்ன முதலாளி தரவில்லை. நல்ல டர்னரை விட யாருக்கு மனசு வரும். கேட்கும்போதெல்லாம் நாளை என்றார். அவருடைய மைத்துனர் பேர்ணாம்பட்டில் தோல் தொழிற்சாலை வைத்திருந்தார். அவரும் அதே மாதிரி வண்டி வரவழைத்து, பெட்டி நிறைய ஸ்பேரும் வரவழைத்திருந்தார். இருவருக்கும் போட்டி என்று ஆனது. வெள்ளிக்கிழமை, பாலாற்றில், பத்து சுற்று. அப்போது சின்ன முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார்.

"டர்னர், ஜெயிச்சுக் குடு. அன்னிக்கே கையெழுத்து."

சிரித்தார் என்றாலும் சொன்னால் செய்கிறவர். அது மாப்பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வாரம் என் தங்கை வந்தாள். ஆறு மாதம் வயிற்றில். ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற செக்‌ஷனில் அவளுக்கு வேலை. ஷிஃப்ட் முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்து, உட்காராமல், குழாயடியில் நின்றபடியே சொன்னாள்.

"அவரு போவக் கூடாதுண்ணா. நீ பாத்துக்க."

அவ்வளவுதான். தண்ணீர் குடித்தாள், போய்விட்டாள். புருஷனிடம் இதைச் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவள் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. ஸ்டேஷன் வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். மாப்பிள்ளையைப் பிடித்துப் போகாதே என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவர் என்ன கெட்ட காரியத்துக்கா போகிறார்.

எட்டு மணிக்கு ஷிஃப்ட். அதனால் நாங்கள் வண்டியை ஓட்டிப் பார்த்ததெல்லாம் விடியற்காலையில், ஆற்றில். பனி இறங்கி மணல் ஈரமாக, இறுகிக் கிடக்கும். அதில் விளக்கெண்ணெய்தான் எடுபட்டது. மேட்டில் ஏறிக் குதித்து, நாலு சக்கரமும் ஒன்றாகத் தரையில் பட்டு, திருப்பத்திலும் பிடித்து, நிற்காமல் ஓடியது. மாப்பிள்ளை பத்து நாள் பார்த்துவிட்டு இதுதான் என்று முடிவு செய்தார். போட்டி எத்தனை மணிக்கு என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, மூன்று மணிக்கு. மூன்று மணிக்கு மணல் எப்படி இருக்கும் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. கண் முழுக்க வண்டியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை கரையில் பந்தல் போட்டு பிரியாணி நடந்தது. பேர்ணாம்பட்டு ஆட்கள் எங்கள் வண்டியைச் சுற்றி நின்று கிண்டல் செய்தார்கள். ஒருத்தன் தோல் வாசரைக் கேள்விப்பட்டு, "வண்டி ஓடலன்னா செருப்பா தைச்சிக்கலாம், நஷ்டம் கம்மி" என்றான். மாப்பிள்ளையும் சிரித்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது. சாப்பிடக் கை கழுவப் போகும்போது வண்டியை என்னிடம் கொடுத்து, பார்த்துக்கொள் என்றார்.

தங்கை சொன்ன அதே வார்த்தை.

புளியமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். இரண்டு குழாயையும் கழற்றினேன். விளக்கெண்ணெயைக் கவிழ்த்தேன். என் டூல் பையில் ஸ்பிண்டில் ஆயில் எப்போதும் இருக்கும். அதை ஊற்றி மூடினேன். பத்து நிமிஷ வேலை. மேட்டில் இறங்கும்போது மூக்கு குத்தும், வண்டி கவிழும், கடிதம் வராது. அதற்குத்தான் செய்தேன். வேறு எதற்கும் இல்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இரண்டு கொம்பு நட்டு, நடுவில் ஒரு மேடு. எங்கள் வண்டியின் ரிமோட் சின்ன முதலாளி கையில். வெயிலில் மணல் மாவு மாதிரி காய்ந்திருந்தது. மேடு சரிந்து பாதியாகிவிட்டது, குதிக்க உயரமே இல்லை. முதல் திருப்பத்தில் அவர்கள் வண்டி திரும்பாமல் நேராகப் போய் மணலை உழுதது. முன் பக்கம் அத்தனை விறைப்பு. எங்கள் வண்டி மூக்கைத் தாழ்த்தி, அமுங்கி, கொம்பைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது சுற்று. மூன்றாவது. நான் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். குத்து, குத்து என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. குத்தவில்லை. பத்தாவது சுற்று முடியும்போது அவர்கள் வண்டி ஏழாவதில் இருந்தது.

சின்ன முதலாளி மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்தார். மாப்பிள்ளை வண்டியைத் தூக்கி முன் பக்கத்தை விரலால் அழுத்தினார். ஒரு தரம் அழுத்தினால் போதும், அவருக்குத் தெரிந்துவிடும். என்னைத் தேடி வந்தார்.

"எண்ணெய மாத்திட்டியா மச்சான்?"

ஆமாம் என்றேன்.

"மணல பாத்துட்டு மாத்தியிருக்க. நான் பாக்கல. எனக்கு இது தோணவே இல்ல."

அவர் கண்ணில் தண்ணீர். நான் டூல் பையைக் கட்டினேன்.

கையெழுத்து அன்றைக்கே ஆனது. பிள்ளை பிறக்கும்போது அவர் இல்லை. பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். வந்தால் ஒரு மாதம். முதல் வாரம் பிள்ளைகளுக்கு அவர் புது ஆள், கடைசி வாரம் பெட்டி கட்டுகிற வேலை. தங்கை தையல் மெஷினை விடவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டி சின்ன முதலாளிக்கு அலுத்துப்போய் ஷாப்பில் மூலையில் கிடந்தது. ஒரு குழாயை நான் கழற்றிக்கொண்டேன், ஒன்றை அவர் சவுதிக்கு எடுத்துப் போனார், அது அங்கே எங்கேயோ தொலைந்தது. ஒவ்வொரு தரம் வரும்போதும் சொந்தக்காரர்கள் நடுவில் அந்தக் கதையைச் சொல்வார். என் மச்சான் ஊற்றிய எண்ணெயில்தான் நான் கடல் தாண்டினேன் என்பார். தங்கை பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். நான் வெளியே போவேன்.

இப்போது அவர் வந்து நிரந்தரமாக இருக்கிறார். முடி இல்லை, சர்க்கரை இருக்கிறது. பையன் பெங்களூரில், பெண் ஓசூரில். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து திரும்பினால் பத்து மணிக்கு வந்துவிடுவார். டப்பாவைத் திறந்து குழாயை எடுப்பார். அழுத்துவார், விடுவார். காலும் ஆடும். போன ஞாயிறும் அப்படித்தான். கதையை மறுபடி ஆரம்பித்தார். கேட்க ஆளே இல்லை, நான் மட்டும்தான். எனக்கே சொல்லத் தொடங்கினார்.

"நீ ஜெயிக்கணும்னு நான் எண்ணெய மாத்தல" என்றேன். "தோக்கணும்னு மாத்துனேன்."

அவர் கால் நின்றது. அது நின்று நான் பார்த்ததில்லை.

"எதுக்கு?"

"நீ போவக் கூடாதுன்னு. தங்கச்சி வந்து அழுத மாதிரி நின்னுச்சு."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நல்லது.

"உன் தங்கச்சி என்கிட்ட 'உங்க இஷ்டம்'னு சொல்லுச்சு" என்றார். "நீயும் ஒண்ணும் சொல்லல. ஒருத்தரும் சொல்லலியே மச்சான், போவாதன்னு."

"சொன்னா நின்னிருப்பியா?"

"தெரியல. சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

குழாயை மேசைமேல் வைத்தார். உருளாமல் இருக்க டப்பா மூடியை அணைத்து வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இன்று ஞாயிறு. பன்னிரண்டு ஆகப் போகிறது. அவர் வரவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடக்கிறேன். தங்கை வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போய்க் கூப்பிடலாம். கம்பியை அழுத்தி விடுகிறேன். மெதுவாக வருகிறது. முழுக்க வெளியே வருவதற்குள் மறுபடி அழுத்துகிறேன்.