மகளுக்கு ஒதுக்கிய அறை

வில்லியனூர் கடைத்தெருவில் என் வீட்டுக்காரருக்குப் பாத்திரக் கடை. கடையில் விலைபோகாத சரக்கெல்லாம் எங்கள் வீட்டில் வந்து குடியேறிவிடும். மூடி தொலைந்த குக்கர், பிடி உடைந்த வாணலி, கோணிப்போன தாம்பாளம், அவை வந்த அட்டைப் பெட்டிகள், பெட்டிகளைக் கட்டியிருந்த சணல் கயிறு. கேட்டால் ஒரே பதில்: "எதுக்காவது ஆவும், இருக்கட்டும்." எதுக்கும் ஆனதில்லை. ஊரார் அவரைச் சிக்கனக்காரர் என்பார்கள். ஒரு பொருளை வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லாத மனுஷன், அவ்வளவுதான்.

எனக்குக் காலையில் கண் விழிக்கும்போதே எரிச்சலாக இருக்கும். சமையலறைக்குப் போக உடம்பை ஒருக்களித்து நடக்க வேண்டும். சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். எனக்கு மாத்திரை எழுதிய டாக்டர் எங்கள் வீட்டை வந்து பார்த்திருந்தால், அதை என் வீட்டுக்காரருக்கு எழுதியிருப்பார்.

பாகூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு வளைகாப்பு நெருங்கியது. தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குத்தான் வர வேண்டும். அவளுக்கு ஓர் அறையைக் காலி செய்து கொடுங்கள் என்று மாசக்கணக்கில் கெஞ்சினேன். மகான் என்ன செய்தார் தெரியுமா? தரையில் கிடந்ததையெல்லாம் பரணில் ஏற்றி, என் பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டார். "இன்னா, பளிச்சினு இருக்குதா?" என்று பெருமை வேறு.

மகள் வந்த மறுநாள் மதியம் அங்கே படுத்திருந்தாள். பரணிலிருந்து ஓர் அலுமினிய அண்டா சரிந்து, அவள் தலைமாட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். சாப்பிட வந்திருந்த அவர் ஓடினார். அண்டாவைத் தூக்கித் திருப்பிப் பார்த்து, "நல்லவேள, நசுங்கல" என்றார்.

மகள் கட்டிலை விட்டு இறங்கினாள். என்னிடம், "ம்மா, நான் பாகூருக்கே போறேன். எங்க மாமியா பாத்துப்பாங்க" என்றாள். மருமகன் வந்து அழைத்துப் போனார்.

மகளுக்கு வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு மகளும் மருமகனும் பாகூருக்கே போனார்கள். என் மகளுக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டது அவள் மாமியார். நான் சம்பந்தி வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று சாயங்காலம் அவர் கடையிலிருந்து புதிதாக ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். "அந்த ரூமு சும்மாதான கெடக்கு" என்று, மகள் படுத்திருந்த கட்டில்மேல் வைத்தார். நான் உடம்பை ஒருக்களித்துச் சமையலறைக்குப் போனேன். சண்டை போடுவதற்கும் ஓர் ஆள்மேல் கொஞ்சம் மதிப்பு மிச்சம் இருக்க வேண்டும்.