குத்துவிளக்கு ஏற்றும் வரை

ஒரு விழாவை எப்படி நடத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பொன்னாடை யாருக்கு முதலில், முன்னிலைக்கும் தலைமைக்கும் நடுவில் யாரை நுழைத்தால் யார் கோபித்துக்கொண்டு காரில் ஏறுவார், எல்லாம் அத்துப்படி. அதனால்தான் போன மே மாதம் பல்கலைக்கழகம் ஒன்று எங்கள் புதுக்கோட்டைக் கல்லூரியில் கோடைக்கால அறிவியல், கணித வகுப்பு நடத்த வந்தபோது ஏற்பாடுகளுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பத்தாவது முடித்தவர்கள் முதல் கல்லூரி மாணவர்கள் வரை சேரலாம். இரண்டு வாரம், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்.

முதல் நாள் காலை அரங்க வாசலில் ஒரு அப்பாவும் மகளும் நின்றார்கள். மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர். விடியும் முன்பே கிளம்பி அறந்தாங்கியில் வண்டி மாறி வந்திருக்கிறார்கள். பெண்ணின் தோளில் துணிப்பை. அதை அவள் கீழே வைக்கவே இல்லை.

"தடைக்காலமுங்க, கடலுக்குப் போகல. அதான் நானே கூட்டியாந்தேன்," என்றார். "கணக்கு குரூப்புதான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. எங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல அது இல்ல. வெளியூரு ஆஸ்டல்ல விடணும். அவ ஆத்தா வேணாங்குது. சரி, இங்க ஒரு வகுப்பு நானும் ஒக்காந்து பாக்குறேன், அதுல இவளுக்கு என்ன இருக்குன்னு. இருந்துச்சுன்னா பையோட விட்டுட்டுப் போறேன். இல்லாட்டி சாப்பாட்டுக்கு மேல உள்ள வண்டியில கூட்டிக்கிட்டுப் போயிருவேன். அத விட்டா அறந்தாங்கியில எங்க ஊரு வண்டி கிடைக்காது."

"தாராளமாப் பாருங்க. பாத்துட்டு நீங்களே ரெண்டு வாரம் தங்கிருவீங்க," என்றேன்.

அவர் சிரித்தார். பெண் சிரிக்கவில்லை.

பாடம் எடுக்க வந்த பேராசிரியை இளம்பெண். மேடை நடுவே ஒரு பிளாஸ்டிக் வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஆணிகள். நாலு ஊர்களைச் சேர்க்க ஆகக் குறைந்த நீளத்தில் சாலை போடுவது எப்படி என்று சோப்புப் படலம் தானாகவே காட்டிவிடுமாம். போட்டோவில் வாளி விழும் என்று அதைத் திரைக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன்.

சிறப்பு விருந்தினர் வரவில்லை. கீரமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் தலையைக் காட்டிவிட்டு வருவதாகத் தகவல். மேடையில் காலி நாற்காலிகள். கீழே பிள்ளைகள் அழைப்பிதழை விசிறியாக்கிக்கொண்டிருந்தார்கள்.

பேராசிரியை என்னிடம் வந்தார். "சார், அவர் வர்ற வரைக்கும் நான் ஆரம்பிக்கட்டுமா? வாளிய கீழ வச்சே பண்ணிடுறேன். பிள்ளைங்க பாவம்."

"குத்துவிளக்கு ஏத்தாம எப்படிம்மா ஆரம்பிக்கிறது?"

"விளக்கு விழாவுக்குத்தானே சார். இது பாடம்."

"தொடங்கி வைக்கத்தான் அவரைக் கூப்பிட்டிருக்கோம். ஏற்கெனவே தொடங்கினதை அவர் வந்து என்னம்மா பண்ணுவார்?"

இந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது. விளக்கில் எனக்குப் பக்தி ஒன்றும் கிடையாது. நிகழ்ச்சி நிரலில் இல்லாதது நடக்கக் கூடாது, அவ்வளவுதான். கடைசி வரிசையில் அந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து காலி மேடையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் வண்டியும் நினைவுக்கு வந்தது.

விருந்தினர் வந்து சேர்ந்தார். விளக்கு அணையாமலிருக்க மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். திரும்பப் போடும் எண்ணம் யாருக்கும் வரவில்லை. பொன்னாடைகள் விழுந்தன. பேச வந்த ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் "அவர்களே" போட்டு விளித்துவிட்டு, நேரமின்மை காரணமாகச் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லி விரிவாகப் பேசினார். விருந்தினர் தனக்குக் கணக்கு சுத்தமாக வராது என்றும், வராமலேயே இந்த நிலைக்கு உயர்ந்ததாகவும் சொன்னார். பலத்த கைதட்டல். நன்றியுரையில் நான் ஒருவர் பெயரையும் விடவில்லை. நாட்டுப்பண், அப்புறம் சாப்பாடு.

கை கழுவும் இடத்தில் அந்த அப்பா என்னிடம் வந்தார்.

"ஐயா, அப்ப வாரோம்ங்க."

"இனிமேதாங்க பாடம். இருந்து பாத்துட்டுப் போங்க."

"வண்டிக்கு நேரமாச்சுங்க. குறையா நெனைக்காதீங்க. விழா நல்லாத்தான் இருந்துச்சு. அம்புட்டுப் பேரையும் பேப்பரு பாக்காம சொன்னீங்களே! ஆனா இது எங்க ஊரு ஆண்டு விழாவுலயும் நடக்குதுங்களே. இதுக்காக எதுக்கு பொம்பளப்புள்ளைய வெளியூர்ல விடணும்?"

"அப்பா, அது விழாப்பா. பாடம் வேறப்பா," என்றாள் பெண்.

"அதப் பாக்கத்தான தாயி காலையிலேருந்து ஒக்காந்திருந்தேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "சார், அவரு வர்றதுக்கு முன்னாடி அந்த மேடம் நடத்துறேன்னு வந்தாங்கள்ல? ஏன் வேணாம்னீங்க?"

கேட்டதில் துடுக்கு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா," என்றேன். அவள் தலையாட்டினாள். ஆசிரியர் சொன்ன விடை தவறென்று தெரிந்தும் எதிர்த்துப் பேசாத பிள்ளைகள் ஆட்டுகிற ஆட்டம்.

கல்லூரி வாசல் வரை கூடவே போனேன். அறந்தாங்கி வண்டி தூரத்தில் வந்தபோது அரங்கத்துக்குள்ளிருந்து ஒரு பெரிய கூச்சல். பிள்ளைகள் மொத்தமாக வியந்து கத்துகிற சத்தம். மூவரும் திரும்பினோம்.

"ஆரம்பிச்சுட்டாங்களா?" என்றார் அப்பா.

"ஆமாங்க."

அவர் மகளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். ஒரு நொடி தயங்கினார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிறகு கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

விருந்தினரை ஏற்றிப்போகவென்று நான் ஏற்பாடு செய்த கல்லூரி கார், அவர் சொந்தக் காரில் போய்விட்டதால், வேப்பமர நிழலில் சும்மா நின்றது. பாடம் முடிந்தபின் அந்த அப்பாவை அவர் ஊரிலேயே அதில் இறக்கிவிட்டிருக்கலாம். பேருந்து வளைவில் மறைந்த பிறகுதான் இது எனக்குத் தோன்றியது. தோன்றிய அதே நொடியில், அதற்கு யாரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதும் வரிசையாகத் தோன்றியது.