டயருக்கு வச்ச கல்லு

லொறி நெறைய பூசணிக்காவ ஏத்திக்கிட்டு, விடியிற வரைக்கும் நிப்பாட்ட எடம் தேடி மாத்தளை டவுன எப்பயாச்சும் சுத்தியிருக்கீங்களா? நான் சுத்தியிருக்கேன். அதுக்கப்புறம் நடந்ததத்தான் சொல்லப் போறேன், நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். நான் கெம்பஸ்ல பிசிக்ஸ் படிக்கிறவன், பேய் கதை சொல்ற ஆளுங்கள ஹொஸ்டல்ல ஓட ஓட கலாய்க்கிறவன், கோயிலுக்குப் போனா பொங்கலுக்காகத்தான் போறதுன்னு எங்கம்மாவே சொல்லும்.

போன வருஷம் லீவுல வந்திருந்தப்ப மாமாவோட கிளீனருக்கு டெங்கு. மாமான்னா எங்கம்மாவோட தம்பி, சொந்த லொறி, கலேவெலயில ஏத்துற மரக்கறிய மாத்தளை சந்தையில எறக்குறதுதான் தொழில். "சும்மாதானே கெடக்குற மருமகனே, வா, ஒலகத்தப் பாரு"ன்னு என்னைய ஏத்திக்கிட்டாரு. ஒலகம்னு அவரு சொன்னது லொறி சீட்டுல இருந்து தெரியிற ஒலகம்னு அப்புறந்தான் வெளங்குச்சு.

மாத்தளைக்கு வந்து சேரும்போதே இருட்டிருச்சு, மழை வேற. சந்தை காலையிலதான் தொறப்பாங்க. ரோட்டோரமா நிப்பாட்டினா டீசல உறிஞ்சிருவானுங்க, முந்தின வாரந்தான் மாமா லொறிய மூடியிருந்த படங்க அறுத்துட்டுப் போயிருந்தானுங்க. பெற்றோல் ஷெட்டுக்குப் போனோம், வாச்சர் நல்ல மனுசன்தான், ஆனா மாமாவோட அடையாள அட்டைய வாங்கிப் பாத்துட்டு, மொதலாளி ஏசுவாருன்னு தலையச் சொறிஞ்சாரு. யுத்த நேரம், சும்மா நிக்கிற லொறின்னாலே குண்டு இருக்கும்னு பயப்படுறாங்க, அதுல தமிழ்ப் பேரு வேற. கோயில் பக்கம் போனா திருவிழாப் பந்தல் போட்டு அடைச்சிருக்கு. பள்ளிக்கூடத்து மதிலோரமா நிப்பாட்டி அஞ்சு நிமிஷம் ஆகல, பொலிஸ்காரர் டோர்ச் அடிச்சு "மெதன நவத்தன்ன பே, யன்ன யன்ன"ங்குறாரு, இங்க நிப்பாட்ட ஏலாது, போ போன்னு. மாமா எல்லாருக்கும் சிரிச்சு சிரிச்சு "ஹரி சேர், ஹரி சேர்"னு சரி சொல்லிட்டே லொறிய எடுத்தாரு. அந்த சிரிப்பப் பாக்கத்தான் எனக்கு என்னவோ போல இருந்துச்சு.

கடைசியா எல்கடுவ ரோட்டுல ஏறி, நான் பொறக்குறதுக்கு முன்னாடியே மூடிப்போன ஒரு தேயில ஸ்டோர், கொழுந்த அரைச்சு வறுக்குற பெக்டரி, அதோட முத்தத்துல கொண்டுபோய் விட்டாரு. சீமெந்து போட்ட முத்தம், ஆனா நல்ல சரிவு. சரிவுக்கு நேர் கீழ தோட்டத்து ஆளுங்க இருக்குற லயம், வரிசையா லைட் எரியுது, புள்ளைங்க சத்தம் கேக்குது.

"எறங்கி டயருக்குக் கல்லு வைடா, பெருசா பாத்து வை."

மழையில கண்ணு தெரியல. ஒரு மரத்தடியில தடவிப் பாத்தேன், தேங்கா சைஸுல நல்ல உருண்டக் கல்லு ஒண்ணு கையில பட்டுச்சு, ஒத்தக் கையில தூக்கிட்டு ஓடியாந்து பின் டயருக்கு முட்டுக் குடுத்துட்டு ஏறிட்டேன். ரெண்டு பேரும் பாணையும் சம்பலையும் தின்னுட்டு சீட்டுலயே சாஞ்சாச்சு.

தூக்கத்துல 'டங்'குன்னு ஒரு சத்தம், லொறி ஒரு குலுக்கு குலுக்கி நின்ன மாதிரி இருந்துச்சு. மாமா பொரண்டு படுக்குறாருன்னு நெனச்சேன். அப்புறம் எங்கயோ பெரிய மெஷின் ஓடுற இரைச்சல், கூடவே சுடச்சுட வறுபடுற தேயில வாசம், அந்த ஸ்டோருக்குள்ள ஒரு ஆணிகூட மிச்சம் இல்லங்க, ஆனா அந்த வாசத்துல பயம் வரல, அம்மா பக்கத்துல இருக்குற மாதிரி இருந்துச்சு, அப்படியே தூங்கிட்டேன்.

விடியக்காலம் ஒரு பொம்பள ஏசுற சத்தத்துல முழிச்சேன். லெச்சுமி அக்கா, கீழ லயத்துல இருக்குறவங்க, மரத்தடி சாமிக்கு வெளக்கு வைக்க வந்திருக்காங்க, சாமியக் காணோம்.

"ரோதமுனியடா அது. ஸ்டோரு மெஷினு சக்கரத்துக்குக் காவல் நின்ன சாமி. அதத் தூக்கிக்கிட்டு வந்து டயருக்கு வச்சிருக்கியே, நீயெல்லாம் என்னாத்தப் படிக்கிற?"

"பிசிக்ஸ், அக்கா."

"நல்லாப் படி."

எறங்கிப் பாத்தா கல்லுல மழையில கரைஞ்சது போக மிச்ச சந்தனம், குங்குமம். மாமா திரும்ப ஏறி ஹேண்ட்பிரேக்கப் புடிச்சு இழுத்தாரு, அது சும்மா கையோட வந்துச்சு. வயர் அறுந்து கெடக்கு, ராத்திரி கேட்ட 'டங்' அதுதான். கியரப் பாத்தா நியூட்ரல், சுத்தின அலுப்புல போட மறந்திருக்காரு. அவ்வளவு பாரமும் ராத்திரி பூரா அந்தத் தேங்கா சைஸ் கல்லுல நின்னிருக்கு. லெச்சுமி அக்கா ஏசுறத நிறுத்திட்டு கீழ பாத்தாங்க. நேர் கீழ அவங்க கதவு, வாசல்ல புள்ள பல்லு வெளக்கிக்கிட்டு நிக்குது.

மாமா லொறிய முன்னுக்கு எடுத்தாரு. சாமிய அது எடத்துலயே வச்சிரலாம்னு குனிஞ்சு தூக்குறேன், அசையல. மண்ணுல அமுங்கியிருக்கும்னுதானே சொல்ல வர்றீங்க? நானும் அப்படித்தான் சொன்னேன், ஆனா அடியில சீமெந்துங்க. மாமா சேந்து தூக்குனாரு, லயத்து அண்ணன்மாரு நாலு பேரு அலவாங்கு போட்டு நெம்புனாங்க, ம்ஹூம்.

"அவரு ஒக்காந்துட்டாரு, விடுங்க"ன்னு அக்கா சொல்லிட்டாங்க. மாமா ஒரு பூசணிக்காவத் தூக்கியாந்து அது முன்னால ஒடச்சு, கன்னத்துல போட்டுக்கிட்டு நின்னாரு. மாமா சிரிக்காம நின்னு நான் பாத்தது அன்னைக்கு மட்டுந்தான்.

அப்புறம் விசயம் டிரைவர்மாரு வாய் வழியாப் பரவி, டவுன்ல எடம் கெடைக்காத லொறியெல்லாம் இப்ப அங்கதான் வருது. லயத்து ஆளுங்க ஒரு கண்ணு வச்சுக்குறாங்க, அக்கா தேத்தண்ணி ஊத்திக் குடுக்குறாங்க, ஆரும் வந்து வெரட்டுறதில்ல. லீவுல போற ஒவ்வொரு தரமும் ஆரும் பாக்காத நேரமா நான் அந்தக் கல்லத் தூக்கிப் பாக்குறேன். ரெண்டு கையாலயும், ஒரு நாளும் அசைஞ்சதில்ல. அன்னைக்கு மழையில அது கனக்கவே இல்லங்க, கையில சூடா இருந்துச்சு.

மாமா இப்பத்தான் கோல் எடுத்தாரு, அங்கதான் நிப்பாட்டியிருக்காராம். ஹேண்ட்பிரேக் இன்னும் திருத்தல.