பின்னால் வந்த மூத்தவள்

எதிர்வீட்டுக் கெஹிண்டேயைப் போல ஒரு விசரியை நான் கண்டதில்லை. இங்கே கனடாவில், ஸ்காபரோவில் பஸ் ஓட்டுகிறாள். அவ்வளவு பெரிய பஸ்ஸைப் பனிக்குள்ளே வளைத்துத் திருப்பத் தெரியும். தன் உரிமையைப் பிடித்து வைத்திருக்கத் தெரியாது. நைஜீரியாக்காரி, யொருபாச் சனம். அவளுக்குக் கொஞ்சம் தமிழ், எனக்குக் கொஞ்சம் இங்கிலிஷ். சண்டை பிடிக்க அது போதும்.

அவளோடு தாய்க்காரியும் இருந்தாள். எனக்கும் புருஷன் இல்லை, கிழவிக்கும் இல்லை. கெஹிண்டே வேலைக்குப் போனால் நாங்கள் இருவரும் ஒரே சோபாவில் இருந்து, ஒருத்தி சொல்வது மற்றவளுக்கு விளங்காமல், பின்னேரம் வரை கதைப்போம்.

போன மாரியில் கெஹிண்டேயோடு இரட்டையாகப் பிறந்த தாய்வோ வந்து நின்றாள். நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிவிட்டாளாம், தாயைக் கொண்டுபோகப் போகிறாளாம். கெஹிண்டே முடியாது என்றாள். இருவரும் தங்கள் பாஷையில் கத்தினார்கள். முதலில் பிறந்தவள் தாய்வோ என்று எனக்குத் தெரியும். என் வாய் சும்மா இருக்குமா?

"கெஹிண்டே, அவ உனக்கு அக்கா. அக்காவோடை உப்பிடி வாய் காட்டாதை."

இருவரும் சண்டையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"அன்ரி, நான்தான் அக்கா," என்றாள் கெஹிண்டே.

"என்ன விசர்க்கதை? அவள் முதல் வந்தவள். நீ பிறகு வந்தனி."

"ஓம். நான்தான் அவளை அனுப்பினனான்."

அவர்களுடைய சனத்தில் இரட்டைப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் பேர் தேடுவதில்லையாம். ஆணோ பெண்ணோ, முதலில் வருவது தாய்வோ, அடுத்தது கெஹிண்டே. தாய்வோ என்றால் உலகத்தை ருசி பார்க்கிறவள். கெஹிண்டே என்றால் பின்னால் வருகிறவள். மூத்தது கெஹிண்டேதானாம். 'போய்ப் பார், இருக்கக்கூடிய இடமோ' என்று தங்கையை முதலில் அனுப்புமாம். தங்கை வந்து அழுகிற சத்தம் கேட்டபிறகு, மூத்தவள் ஆறுதலாக வருவாளாம்.

"நல்ல மூத்தவள்! அவளைக் குளிருக்கை தள்ளிப்போட்டு நீ உள்ளுக்கை படுத்திருந்தனியோ?" என்றேன்.

கனடாவுக்கும் அப்படித்தான் வந்தார்கள். தாய்வோ முதலில் வந்து, ரெக்ஸ்டேலில் நிலத்துக்குக் கீழே ஒரு பேஸ்மென்றில் தனியே கிடந்து, "குளிர்தான், ஆனால் வாழலாம்" என்று போனில் சொன்னபிறகுதான் கெஹிண்டே தாயோடு பிளேன் ஏறினாள்.

தாய்வோ அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். கெஹிண்டேயின் முகம் செத்துப்போனது.

"என்னவாம்?"

"எப்பவும் என்னைத்தானே முதல் அனுப்பினாய், ஒருக்கால் எண்டாலும் நீ போய்ப் பாத்தியோ எண்டு கேக்கிறாள், அன்ரி."

"கேக்கட்டும். நீ மூத்தவள்தானே, அம்மா இஞ்சதான் எண்டு ஒரு சொல்லிலை முடி."

முடித்தாளா? இல்லை. "இந்தமுறை நான் முதல் போறன்," என்று சொல்லி, லீவு போட்டு, தாய்வோ வீட்டில் தாய்க்கு ஒதுக்கிய அறையில் ஒரு கிழமை போய்ப் படுத்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அங்கே கடைக்கு நடக்கவும் ஏலாது, காரில்லாமல் காலெடுத்து வைக்கவும் ஏலாது. நூறு குறையோடு திரும்புவாள், கிழவி என் பக்கத்திலேயே இருப்பாள் என்று நினைத்தேன்.

வந்தவள் சப்பாத்துக் கழற்றமுன்னம் சொன்னாள்.

"நல்ல இடம், அன்ரி. அறைக்குள்ளை வெயில் வருது. தாய்வோ வீட்டிலை இருந்து வேலை செய்யிறாள். இஞ்ச அம்மா பகலெல்லாம் தனிய."

"தனியவோ? அப்ப நான் ஆர், சுவரோ?"

அவள் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"எடியேய், குளிருது, நாறுது எண்டு ஏதும் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாமெல்லோ? ஆர் போய்ப் பாக்கப் போகினம்?"

"போய்ப் பாக்கிறவள் பொய் சொல்லக்கூடாது, அன்ரி. அவள் எனக்கு ஒருநாளும் பொய் சொல்லேல்லை."

இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை தாய்வோ கிழவியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். கெஹிண்டே பல்கனியிலேயே நின்றாள். சாப்பிட வா என்று தொண்டை கிழியக் கூப்பிட்டும் வரவில்லை. கையில் பிடித்து இழுத்துவந்து, சோற்றைப் போட்டு முன்னால் வைத்தேன். மூத்தவளாம் மூத்தவள்! ஒரு வாய் வைக்கவில்லை. தாயைத் தேடுகிற பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள்.