அருவிக்கரையில் ஏந்திய கை

எங்கள் ரப்பர் தோட்டம் ஜொகூரின் வடமேற்கு ஓரத்தில், லேடாங் மலையின் அடிவாரத்தில் இருந்தது. மலையின் இந்தப் பக்கம் ஜொகூர். அந்தப் பக்கம் மலாக்கா. இடையில் ஓர் ஓடை, அதன்மேல் ஒரு மரப்பாலம், பாலத்தின் முனையில் ஜப்பானியரின் காவல் கூண்டு. சென்னையில் பட்டம் பெற்ற கையோடு, மூவாரில் கடை வைத்திருந்த சிற்றப்பாவைப் பார்த்து வரக் கப்பலேறியவன் நான். போர் வந்து கடல்வழியை அடைத்ததால் திரும்ப முடியாமல், அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக அமர்ந்தேன். மூவாரில் நடந்த மொழி வகுப்பில் சிறிது ஜப்பானிய மொழி கற்றிருந்தேன். தோட்டத்தை நடத்திய ஜப்பானிய அதிகாரிக்கும் தொழிலாளருக்கும் இடையே பேச்சை மாற்றிக் கொடுப்பது இதனால் என் பொறுப்பாயிற்று.

அந்த அதிகாரியைக் கொடியவர் என்று பார்த்தவர் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குரலை உயர்த்தாத மனிதர். ஓய்வு நாள்தோறும் கைத்தடியுடன் மலையேறுவார். திரும்பி வரும்போது சட்டைப் பையில் ஏதேனும் ஒரு பெரணி இலை இருக்கும். ஜப்பானில் தம் வீட்டின் பின்னால் நிற்கும் மலைக்கும் இதற்கும் ஒரே தோள் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். ஆனால் அவர் விதித்த ஒரு விதியைத் தாமே மீறியதில்லை: வேலைக்கு வருபவருக்கே ரேஷன் உண்டு, படுத்துவிட்டவருக்கு இல்லை.

படுத்துவிட்டவர்களில் ஒருவன் தொழிலாளர் குடியிருப்பின் கடைசி லயத்தில் கிடந்தான். கால் வீங்கி, விரலால் அழுத்தினால் விழுந்த பள்ளம் எழாத நிலை. மரவள்ளிக் கிழங்கை விழுங்கினால் உடனே வாந்தி. அவன் மனைவி பால் மரம் வெட்டுகிறவள். அலுவலக வாசலில் நின்று, “கொஞ்சம் அரிசிக் கஞ்சி உள்ள போனா எந்திரிச்சு நின்னுருவாருங்க, கிராணி ஐயா” என்று கேட்டாள். நான் அதிகாரியிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விதியை விளக்கினார். விளக்கம் முடிந்ததும் எனக்குத் தேநீர் ஊற்றினார்.

இந்நிலையில்தான் அருவிப் பயணம் வந்தது. தொழிலாளருக்கு இயற்கையைக் காட்ட வேண்டும், திறந்த வெளியில் உடலைத் தேற்ற வேண்டும் என்பது அதிகாரியின் எண்ணம். அதைப் படமெடுக்க நகரத்திலிருந்து ஒருவர் வருவார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நின்றவர்களிடம், வேலையை மேற்பார்க்கும் கங்காணி அதை அறிவித்தார்.

“நாளைக்கு வேலை இல்ல. எல்லாரும் குளிச்சு, நல்ல துணி கட்டிக்கிட்டு வாங்க. அருவிக்குப் போறோம். அங்க சோறு போடுறாங்க.”

“எந்த அருவி கங்காணி? சயாம்ல இருக்கே, அந்த அருவியா?” என்று ஒருவன் கேட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. கூலி வேலைக்கென்று லாரியில் ஏறிப் போனவர்கள் சயாம் மரண ரயில் பாதையிலிருந்து திரும்பாத காலம் அது.

“வாய மூடுடா. நல்ல துணின்னேனே, ஒன்கிட்ட இருந்தா அத மொதல்ல காட்டு” என்றார் கங்காணி.

கேட்டவன் இடுப்பில் கட்டியிருந்தது கோணிச் சாக்கு. இப்போது எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.

லாரி அன்றே திரும்புமா என்று அதிகாரியிடம் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் நான் அவர்களிடம் “போகலாம்” என்றேன். அந்தப் பெண் கணவனுக்குத் தண்ணீர் எடுத்துவைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து ஏறினாள். சோறு என்ற ஒரு சொல்லுக்காகவே வந்தாள்; அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அருவி மலாக்காப் பக்கம்; பாலத்தைக் கடக்கையில் எல்லோரும் காவல் கூண்டையே பார்த்தார்கள். அனுமதியில்லாமல் எல்லை தாண்டி அரிசி கொண்டுவருவது குற்றம். சில வாரங்களுக்கு முன் பக்கத்துத் தோட்டத்தான் ஒருவன் சைக்கிள் ட்யூபுக்குள் அரிசி அடைத்து வந்து அங்கே பிடிபட்டான். அவனை மட்டும் அடித்திருந்தால் அது அவனோடு போயிருக்கும். உடன் வந்த அனைவரையும் கப்பிக்கல்லில் மண்டியிட வைத்து, தலைக்குமேல் கல்லைத் தூக்கிப் பிடிக்கச் செய்து, பொழுது சாயும்வரை விடவில்லை. ஒரு கிழவர் அங்கேயே சரிந்தார்.

அருவியைக் கண்டதும் அதெல்லாம் மறந்துபோயிற்று. அந்த மலைக்கு முதுகைக் காட்டியே வாழ்நாளெல்லாம் மரம் வெட்டியவர்கள் அவர்கள். வெள்ளைக்காரத் துரைமார் உல்லாசமாய் வந்த நாட்களிலும் கூடைகளை அடிவாரம்வரை சுமந்ததோடு சரி. கரும்பாறையிலிருந்து வெள்ளை வெள்ளையாக விழுந்த நீரைப் பார்த்து ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சாக்குக்காரன் அப்படியே அருவியின் கீழே போய் நின்று ஊளையிட்டான். “பாருடி, மாப்பிள்ளைக்கு மஞ்சத்தண்ணி ஊத்துறாங்க!” என்று ஒருத்தி கத்த, எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள். கணவனை லயத்தில் விட்டு வந்தவள்கூடச் சிரித்தாள். ஜப்பான் காலத்தில் நான் கண்ட கலப்பில்லாத மகிழ்ச்சி அதுதான். படக்காரர் அப்போது காமிராவின் கால்களைப் பாறையில் பொருத்திக்கொண்டிருந்தார். அது அவருக்குக் கிடைக்கவில்லை.

பிறகு வாழையிலை விரித்தார்கள். உண்மையான வெள்ளைச் சோறு, மேலே பருப்பு. வரிசையாக உட்காரவைத்து, உத்தரவு வரும்வரை யாரும் உண்ணக்கூடாது என்று என்னைச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். ஒரு கைச் சோற்றை எடுத்து வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்த வேண்டும் என்றார்கள், அதையும் சொன்னேன். நிறுத்தினார்கள். அந்நேரம் பார்த்துச் சூரியன் மேகத்துக்குள் போயிற்று.

படக்காரர் வானத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். ஏந்திய கைகள் வாயருகே நின்றன. சோற்றின் ஆவி முகத்தில் அடித்தது. எச்சிலை விழுங்கும் ஒலி அருவியின் இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. வெயில் திரும்பியதும், சிரிக்கச் சொல் என்றார்கள்.

“சோறு உள்ள போனா நாங்களே சிரிப்போம், கிராணி ஐயா. அவருகிட்ட சொல்லுங்க” என்றார் ஒருவர்.

அதை மரியாதையான சொற்களில் மாற்றிக் கொடுத்தேன். அதிகாரி புன்னகைத்தார், படம் முடியட்டும் என்றார். படம் முடிந்தது. அதன் பிறகுதான் செய்தி வந்தது. அந்தச் சோறு எல்லைக் காவலரின் பகல் உணவு, படத்துக்காக வாங்கியது, திருப்பிக் கொடுக்க வேண்டும். கையில் எடுத்தது மட்டும் அவரவருக்கு. இதைத் தாராளம் என்றே அதிகாரி கருதினார் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. கங்காணி குனிந்து குனிந்து ஒவ்வோர் இலையையும் கூடையில் கவிழ்த்துக்கொண்டே போனார். கையில் இருந்ததை எல்லோரும் ஒரே வாயில் போட்டுக்கொண்டார்கள். படுத்துக் கிடந்தவனின் மனைவி மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. உருட்டிப் பிடித்து, முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திரும்பும் வழியில், பாலத்துக்கு முந்திய வளைவில்தான் கங்காணி அதைக் கவனித்தார். சேலையில் ஈரம் பரவியிருந்தது.

“அது என்னாம்மா இடுப்புல?”

“ஒரு கைச் சோறுங்க. அவருக்கு.”

“பாலத்துல தடவிப் பார்ப்பான். ஒன்னால எல்லாரும் கல்லு தூக்கணுமா? தூக்கி வெளிய போடு.”

“ஐயோ, சோத்த எறியாதீங்க” என்றாள் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. “சீதேவி. அப்புறம் இதுவும் கெடைக்காது. நீயே சாப்பிட்டுரு, அண்ணி.”

“எனக்கு வேணாம். அவரு நாலு பருக்கை கேட்டுக்கிட்டே கெடக்காரு.”

என்னிடம் தூக்குச் சட்டி இருந்தது. அதில் போடுங்கள், அலுவலக ஆளை அவ்வளவாகச் சோதிக்க மாட்டார்கள் என்றேன். கங்காணி தலையசைத்தார். “ஒங்களப் புடிச்சா எங்களுக்காகப் பேச யாரு இருக்கா?” என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒருத்தியின் கணவன் ஒருபுறம்; லாரி நிறைய மனிதர்கள் மறுபுறம். நான் எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் அதே விடைதான் வந்தது.

எறியக்கூடாது, வைத்திருக்கவும் கூடாது, அவள் உண்ணவும் மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் கைநீட்டினாள். “குடு அண்ணி, ஆளுக்குக் கொஞ்சமா தீர்த்துருவோம்.” கணவனுக்காக முடிந்திருந்ததை அவளே அவிழ்த்தாள். கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோலக் கைகள் நீண்டன. ஆரம்பத்தில் மெதுவாக, பிறகு அவசரமாக. லாரியின் குலுங்கலில் பலகையில் சிந்திய பருக்கைகளைச் சாக்குக்காரன் விரலால் ஒற்றி எடுத்து வாயில் வைத்தான். பயத்துக்காகத் தின்றார்களா, பசிக்காகத் தின்றார்களா என்று அவர்களுக்கே தெரிந்திராது. அவள் தடுக்கவில்லை. அவிழ்ந்த முந்தானையைக் கையில் பிடித்தபடி, தின்கிற ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாலத்தில் அதிகாரியின் கார் எங்களுக்கு முன்னால் சென்றது. காவலன் அதற்கு விறைப்பாக வணங்கினான். எங்கள் லாரியின் பக்கம் பாராமலேயே, “ஜாலான், ஜாலான்” என்று மலாயில் போகச் சொல்லிக் கையை வீசினான். யாரையும் தொடவில்லை. லாரி பாலத்தைத் தாண்டியது. ஒருவர் மெல்ல, “அவன் பார்த்திருந்தா?” என்றார். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எல்லோருக்கும் இடம் இருந்தது.

அடுத்த நாள் விடியும்போது அவள் கணவன் இறந்திருந்தான். ஒரு கைச் சோறு அவனைக் காத்திருக்குமா என்று பின்னாளில் ஒரு மருத்துவ நண்பரிடம் கேட்டேன். காத்திருக்காது என்றார். அந்தப் பதிலை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நான் முயலவில்லை. அவள் கேட்டது உயிர்க்கணக்கு அல்ல, அவன் கேட்ட நாலு பருக்கை.

வாய்க்கரிசி போட லயத்தில் எவர் வீட்டிலும் அரிசி இல்லை. அதிகாரியிடம் போனேன். இறந்தவனுக்கான சடங்கு என்று சொன்னதும் அவர் எழுந்து நின்று தலை குனிந்தார். இறந்தவர்களைப் பற்றி விதி எதுவும் இல்லை போலும். கிடங்கைத் திறந்து ஒரு குவளை நிறைய அரிசி அளந்து கொடுக்கச் சொன்னார். கங்காணியே அதை முறத்தில் ஏந்தி வந்தார். லாரியில் கைநீட்டியவர்கள் வரிசையில் நின்று, ஆளுக்குச் சில மணிகளை அவன் வாயில் இட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி இட்டதில் பாதி அவன் கழுத்தில் சிந்திற்று.

உடலைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, மீந்த அரிசியோடு முறம் வாசலில் கிடந்தது. அதை வெட்டியானுக்குக் கொடுப்பதுதான் வழக்கம், வீட்டுக்குள் எடுப்பதில்லை. குளித்து ஈரச்சேலையோடு வந்த அவள் அந்த முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு முதியவர் “அம்மா, அது ஆகாதும்மா” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார். சற்று நேரத்தில் கூரையில் புகை எழுந்தது. சோறு வேகும் மணம் லயம் முழுவதும் பரவிற்று. அவள் கதவை மூடவில்லை. திறந்த கதவுக்கு நேரே உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் உண்டாள். எதிர் வாசல்களில் ஒருவரும் வெளியே வரவில்லை.