பூனையை முன்பே காட்டிவிட்டுப் போனவள்

பிற்பகல் நாலு பத்து. பூட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது பூனையின் முன்னங்கால். ஒரு விரல் அகலத்துக்கு முடி மழிக்கப்பட்டு, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் தேதி கேட்கிறவன் நான். நாளிதழில் பிழை திருத்துகிற பழக்கம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நடந்ததைச் சொல்கிறேன்.

முந்தின நாளிலிருந்தே எங்கள் ஆண் பூனை மணல் தட்டில் போய் உட்காருவதும், முக்குவதும், ஒன்றும் வராமல் எழுந்து வருவதுமாக இருந்தது. மலச்சிக்கல் என்று நினைத்தேன். சாயங்காலம் மனைவி செல்வி குளிக்கப் போன நேரத்தில் ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் புகட்டினேன். அவளிடம் சொல்லவில்லை, திட்டுவாள். மறுநாள் காலையில் அவள் அரியாங்குப்பத்துத் தையற்கடைக்கும் நான் அலுவலகத்துக்கும் கிளம்பினோம். கதிர்காமத்தில் மாடி வீடு. சாவி இரண்டுதான், ஆளுக்கு ஒன்று.

பிளாஸ்திரியைப் பார்த்ததும் அவளுக்கு போன் போட்டேன். "பூனைய டாக்டர்கிட்ட எடுத்துக்கினு போனியா?"

"நானா? காலையிலேர்ந்து மிஷின விட்டு எழுந்திருக்கல. இன்னா ஆச்சு?"

பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு பக்கத்துத் தெரு கால்நடை மருத்துவரிடம் போனேன்.

"இன்னா சார், மறுபடியும்? பதினோரு மணிக்குத்தான உங்க வீட்டம்மா வந்துட்டுப் போனாங்க. மூத்திரம் அடைச்சிருந்துது, குழாய் விட்டு எடுத்துட்டேன். ஆம்பளப் பூனை இப்படி முக்கினா உடனே ஓடியாரணும் சார். சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா செத்திருக்கும். விளக்கெண்ணெய் வேற குடுத்தீங்களாமே, அவங்கதான் சொன்னாங்க."

வியாழக்கிழமை மறுபடியும் காட்டச் சொன்னார்.

நான் நேராகத் தையற்கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா சிரித்தார். "பதினோரு மணிக்கு எங்கூடதான் டீ குடிச்சா. இந்த வயசுல பொண்டாட்டி மேல சந்தேகமா தம்பி?" செல்வி அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வியாழக்கிழமை இருவரும் விடுப்பு எடுத்தோம். வீட்டைவிட்டு இருவருமே நகரவில்லை. காலை முழுக்கப் பூனை எங்கள் கண்ணெதிரேதான் கிடந்தது. பன்னிரண்டு மணிக்கு இருவருமாகக் கொண்டுபோனோம்.

மருத்துவர் செல்வியைப் பார்த்தார். "இப்பத்தானம்மா காட்டிட்டுப் போனீங்க?"

நோட்டைத் திருப்பிக் காட்டினார். நேரம் பத்தரை, எடை மூன்று கிலோ எண்ணூற்று நாற்பது என்று எழுதியிருந்தது.

பூனையைத் தராசில் வைத்தோம். மூன்று கிலோ எண்ணூற்று நாற்பது.