கணவனைப் பற்றி அறுபது கேள்விகள்

காலையில் தின்ற ஆலிவ் பழங்களின் கொட்டைகளைத் தட்டின் விளிம்பில் சம இடைவெளியில் நிறுத்திவைத்த பிறகுதான் கஸ்ஸான் தேநீரைத் தொடுவார். இர்பித் நகரின் நில அளவை அலுவலகத்தில் இருபது ஆண்டு வேலை. விருந்தாளியின் முகம் பார்த்துப் பேசமாட்டார். காலணியைப் பார்த்துத்தான் பேச்சு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கியபடியே, "மண்டபம் பத்திரத்துல இருக்கிறதவிட ரெண்டு மீட்டர் குறையுது" என்றவர்.

மகன் யஸனுக்கு எட்டு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து கஸ்ஸானின் அக்கா ஃபத்வாவுக்கு ஒரே தீர்ப்பு: "எங்க ரத்தத்துல இது கிடையாது. வந்தவ கொண்டுவந்தது." பிள்ளை இருவருடையது, பழி மட்டும் மனைவி ருதைனாவுடையது. தம்பிக்கு இரண்டாம் தாரம் பார்க்கும் பேச்சும் தொடங்கியிருந்தது.

பல்கலைக்கழக ஆய்வாளர் ஹனீன் படிவக் கட்டோடு வந்த அன்று ஃபத்வாவும் கூடத்தில் இருந்தாள். ஆட்டிசத்தின் குணங்கள் வீட்டில் யார் யாரிடம் எவ்வளவு என்று அளந்து, அவர்களுடைய மரபணுவோடு ஒப்பிடும் ஆய்வு அது. கணவனைப் பற்றி மனைவி அறுபது கேள்விகளுக்கு விடை குறிக்க வேண்டும். கணவனின் குறையைப் போர்த்தி மூடுவதே மனைவிக்கு அழகு என்று வளர்க்கப்பட்டவள் ருதைனா. அறுபதிலும் 'இல்லை' என்றே குறித்தாள்.

ஹனீன் புரட்டிப் பார்த்தாள். "இப்படி ஒரு மனுஷன் உலகத்துலயே கிடையாதும்மா. நாங்க குத்தம் தேடல, அளவுதான் எடுக்கறோம். இது கொஞ்சம் கொஞ்சமா எல்லார்கிட்டயும் இருக்கும். ரெண்டு பக்கத்துலேருந்தும் வரலாம்."

"என் தம்பியப் பைத்தியம்னு எழுதச் சொல்றியா?" என்றாள் ஃபத்வா.

ருதைனா பேனாவை மூடி, மறுபடி திறந்தாள். உண்மையை எழுதினால் கணவனை அவமதித்தவள். மறைத்தாலோ, மகனைக் கெடுத்தவள் என்ற பெயர் அப்படியே நிற்கும்.

பக்கத்தில் இருந்த கஸ்ஸான் படிவத்தை எட்டிப் பார்த்தார். பிழையான வரைபடத்தைக் கண்டதுபோல் முகம் சுருங்கியது. "அளவெல்லாம் தப்பு. அடிச்சிட்டு எழுது. கண்ணப் பாத்துப் பேசமாட்டேன், எப்பவும். சத்தம் தாங்கமாட்டேன், எப்பவும்."

அவர் சொல்லச் சொல்ல, ருதைனா ஃபத்வாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே திருத்தினாள்.

"தம்பி, வெளிய தெரிஞ்சா நம்ம அப்பா பேரு என்ன ஆகும்?"

"அப்பாவும் இப்படித்தான்க்கா இருந்தாரு."

கஸ்ஸான் ஹனீனின் படிவக் கட்டிலிருந்து புதிதாக ஒன்றை உருவினார். மேலே அக்காவின் பெயரை நிதானமாக எழுதிவிட்டு, முதல் கேள்விக்கு விடை குறிக்கத் தொடங்கினார்.